கூப்பிட்டால் வருகிறவன்

ஏலக்காய் போட்ட டீ எனக்கு ஒத்துக்கொள்ளாது. போடியில் பிறந்து வளர்ந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. தொண்டையில் ஒரு மாதிரி அடைத்துக்கொள்ளும். தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது என்பதால் அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பத்தியம் பார்ப்பவன். ஏட்டய்யா வாங்கி வைத்த டீயைக் குடிக்காததற்கு அதுதான் காரணம். வேறு கோபம் ஒன்றும் இல்லை.

என் பெயர் வீரையா. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அய்யா. ரைட்டர் எழுதிக்கொள்ளத் தோதாக எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன். மைக் பிடித்துப் பழகியவனுக்கு அதில் சிரமமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், வாசல் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் சாத்தி வைத்தால் நல்லது. வெளியே ஆட்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். சத்தத்தை வைத்தே ஒரு கூட்டம் என்ன மனநிலையில் இருக்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். இப்போது கேட்கிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லவும் வெட்கமில்லை.

நான் மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், இழவு, எதுவானாலும் சுற்றுப்பட்டு ஊர்களில் என் ஸ்பீக்கர் குழாய்தான் கட்டியிருக்கும். ஆனால் ஜனங்களுக்கு என்னைத் தெரிவது ஜல்லிக்கட்டில்தான். தை பிறந்துவிட்டால் மேடையில் நான் இருப்பேன். வாடிவாசலில் மாடு எட்டிப் பார்ப்பதற்குள் அதன் ஊர், உடையவன் பேர், என்ன பரிசு என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடுவேன். பிடித்தால் அண்டா பிடித்தவனுக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரனுக்கு. நடுவில் இரண்டு கேலி. அந்தக் கேலிக்காகவே வருகிறவர்கள் உண்டு. மாடு கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவில் ஜனங்களைப் பிடித்து வைத்திருப்பது மைக்தான்.

ஒரு வருசம் மாடு அவிழ்க்கத் தாமதமாகிவிட்டது. அதே நேரம் ஜெனரேட்டரும் நின்று மைக் செத்துப்போனது. முதலில் விசில் அடித்தார்கள். அப்புறம் தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரே தாளத்தில் கேலரிப் பலகையைக் காலால் மிதிக்கத் தொடங்கினார்கள், சிரித்துக்கொண்டேதான் மிதித்தார்கள். கேலரி சரிந்து விழுந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அன்று முதல் மாட்டைக் கண்டு எனக்குப் பயமில்லை, காத்திருக்கிற கூட்டத்தைக் கண்டுதான் பயம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்ததெல்லாம் ஆசையில் செய்ததல்ல என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

இனி களத்துக்கு வருகிறேன். போடிமெட்டுக்குக் கீழே, எல்லைக்கு இந்தப் பக்கம், கோட்டைச்சாமியின் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் உலர்த்துகிற ஸ்டோரும் அதற்கு முன்னால் ஒரு பெரிய களமும் உண்டு. களத்தின் ஒரு ஓரம் செங்குத்தாக இறங்கும். கீழே கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு போவது எறும்பு மாதிரி தெரியும். கோட்டைச்சாமி நல்ல மனிதர்தான். அவருக்கு இருந்த ஒரே கவலை திருட்டு.

ஏலச்செடியின் அடியிலிருந்து தரையோடு நீண்டு வருகிற காம்பைச் சரம் என்பார்கள். அதில்தான் காய் பிடிக்கும். கூலிக்குப் பறிக்கிற பெண்கள் விளைந்த காயை மட்டும் விரலால் கிள்ளி எடுப்பார்கள். திருட வருகிறவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது. சரத்தோடு அறுத்துச் சாக்கில் திணித்துக்கொண்டு போய்விடுவான். பூவும் பிஞ்சும் சேர்ந்தே போகும், அந்த வருசத்துக்கு அந்தச் செடி அவ்வளவுதான். காலையில் மொட்டையாக நிற்கிற செடியின் முன்னால் கோட்டைச்சாமி குந்தி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிடித்துப் போலீஸில் கொடுத்தால் கேஸ் ஆகும், ஜாமீன் ஆகும். கொஞ்ச நாளில் அதே ஆள், அதே ஜீப்பில், பறிகொடுத்தவருக்குப் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து மேலே வருவான். உங்களைக் குறை சொல்லவில்லை. சட்டம் அப்படி. ஆனால் தண்டனை எங்கோ ஒரு கட்டடத்துக்குள், யார் கண்ணுக்கும் படாமல் நடந்தால், பறிகொடுத்தவன் வயிற்றெரிச்சல் எப்படி அடங்கும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

முதல் தடவை தற்செயலாக நடந்தது. தோட்டத்துச் சாமி கும்பிடுக்கு மைக்செட் கட்டப் போயிருந்தேன். அன்றைக்கென்று ஒரு திருடன் அகப்பட்டான். கோட்டைச்சாமி, "அண்ணே, இவன் பேரு ஊரு என்னன்னு ரெண்டு வார்த்தை மைக்குல சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். எனக்குத் தெரிந்த பாணியில் சொன்னேன். மாட்டை அறிமுகம் செய்கிற மாதிரியே, ஊர், தகப்பன் பேர், எந்தத் தோட்டத்தில் எத்தனை தடவை மேய்ந்தது என்று. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தத் திருடனே ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டான். யாரும் அவனைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அதைவிடச் சுத்தமான நீதி எந்தக் கோர்ட்டில் நடந்திருக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆளுக்கு, அவன் அறுத்த சரங்களையே மாலையாகக் கட்டிப் போட்டார்கள். அது யார் யோசனை என்று நினைவில்லை. உள்ளங்கையைக் காட்டச் சொன்னது மட்டும் என் யோசனை. பச்சைக் காயைத் தொட்டுத் தொட்டுக் கையில் ஒரு கறுப்புக் கறை ஏறும், சோப்புக்கும் போகாது. "கையைக் காட்டு ராசா" என்று மைக்கில் சொன்னேன், காட்டினான், கறை இருந்தது, கூட்டம் ஓ என்று கத்தியது. அந்த மலையில் சோலி பார்க்கிற அத்தனை பேர் கையிலும் அந்தக் கறை இருக்கும். கத்தியவர்கள் கையிலும் இருந்தது. வேடிக்கையாகத் தொடங்கியதுதான், ஆனால் போகப் போக அதுவே சாட்சி என்று ஜனங்கள் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். பறிக்கப் போகிற பெண்கள் ஜீப்பு ஏறுவதற்கு முன்னால் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுவதாகக் கேள்விப்பட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது ஆளுக்குள் ஆட்டம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல். இரண்டு ஜீப்பை நெருக்கமாக நிறுத்தி நடுவில் ஒரு சந்து. மாலையைப் போட்டு ஆளை அந்தச் சந்து வழியாக அவிழ்த்துவிடுவார்கள். இளவட்டங்கள் விரட்டி அந்தச் சரமாலையைப் பறிக்க வேண்டும், மஞ்சுவிரட்டில் கழுத்துத் துண்டைப் பறிக்கிற மாதிரி. பறித்தவனுக்கு ஒரு சில்வர் குடம். யாரையும் அடிக்கக் கூடாது என்று நான் மைக்கில் கண்டிப்பாகச் சொல்வேன். மூன்றாவது ஆளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் ஜீப்பு பிடித்துக் குடும்பத்தோடு வந்தார்கள். வடை, சுண்டல் கடை போட்டார்கள். எல்லோர் கையிலும் செல்போன். துபாயில் இருக்கிற ஒருவர் எனக்குப் போன் செய்து, மாடு பிடிப்பதைவிட இது நன்றாக இருக்கிறது என்றார். திருட்டும் நின்றுபோயிருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாவதுதான் நீங்கள் கேட்பது.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மறுபடியும் சரம் அறுத்திருந்தார்கள். மறுநாள் சின்ராசு என்கிற ஆள் சாக்கோடு பிடிபட்டான். நான்தான் செய்தேன், தனியாகத்தான் வந்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று செய்தி பரவிவிட்டது. ஆனால் இந்தத் தடவை கோட்டைச்சாமிக்கு உள்ளூர உதறல். தோள்பட்டை இறங்கிய வீடியோ எங்கெங்கோ சுற்றி, யாரோ மனுப் போட்டிருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல், ஞாயிறு காலையில் சின்ராசுவை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாது. நான் குழாய் கட்டி, மைக் சோதித்து, களம் நிறைந்து, வணக்கமும் சொல்லி முடித்த பிறகு அவர் மேடைக்குப் பின்னால் வந்து காதில் சொன்னார்.

"ஆளு இல்லண்ணே. போலீசுல குடுத்தாச்சு. ஏதாவது சொல்லிக் கூட்டத்தக் கலைச்சு விடுங்க. எனக்கு உள்ள சோலி கெடக்கு."

சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டார்.

நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மைக்கில் நல்லபடியாகச் சொன்னேன். திருடன் போலீஸில் இருக்கிறான், சட்டம் அவனைப் பார்த்துக்கொள்ளும், எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்றேன். ஒருவர்கூட நகரவில்லை. முதலில் ஒரு விசில். பிறகு ஒரு பாட்டில் வந்து ஸ்பீக்கர் பெட்டியில் பட்டது. "இம்புட்டுத் தூரம் எதுக்குடா வந்தோம்" என்றது ஒரு குரல். "அப்ப மைக்குக்காரன அவுத்துவிடுங்கடா" என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு காலால் தரையை மிதிக்கத் தொடங்கினார்கள்.

அய்யா, அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதை உண்டாக்கியவனே நான்தான். அது இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது. மேகம் இறங்கிக் களத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. பின்னால் பள்ளம், முன்னால் அவர்கள். வேட்டிக்குள் ஈரமானதை நான் பிறகுதான் கவனித்தேன். யாரையாவது காட்டாமல் அந்தச் சிரிப்பு நிற்காது என்பது மட்டும் தெரிந்தது. யார் என்பது அப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

அப்போது கன்னையன் கண்ணில் பட்டான். ஜீப்புக்குப் பக்கத்தில், ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

கன்னையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலமலைக்காரன். அதே தோட்டத்தில் செடிக்கு மருந்து அடிக்கிற வேலை. வேலை இல்லாத நாட்களில் என்னோடு பெட்டி தூக்க வருவான். ரத்த உறவு ஒன்றும் இல்லை, பழக்கத்தில் நான் அவனுக்கு மாமா, அவன் எனக்கு மாப்ளே. அவன் பெண்சாதி மொக்கம்மாள் என்னை அண்ணே என்பாள், தீபாவளிக்குத் தங்கச்சி முறைக்கு நான் சேலை எடுத்துக் கொடுப்பேன். சூதுவாது தெரியாதவன். அவனிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கூப்பிட்டால் வருவான், என்ன ஏது என்று கேட்கமாட்டான்.

நான் அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வேறு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டார்கள்.

"கன்னையா, மேல வாப்பா" என்றேன் மைக்கில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "என்ன மாமா, ஒயரு எதுவும் புட்டுக்கிருச்சா?" என்றான். நான் மைக்கைக் கீழே இறக்கவில்லை. கையைக் காட்டு என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தான். கறை இருந்தது. மருந்து அடிப்பவன் கையில் இல்லாமல் எங்கே போகும். "ஒருத்தன் போலீசுல இருக்கான். கூட வந்தவன் எங்க இருக்கான்னு இப்பத் தெரியுதா" என்றேன்.

தரையை மிதிப்பது அந்த நொடியே நின்றது. அய்யா, எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல முடியாது. மூச்சு வந்தது. நீங்களும் மனிதர், உங்களுக்குப் புரியும்.

இளவட்டங்கள் சரமாலையை எடுத்து வந்தார்கள். சின்ராசுவின் சாக்கில் இருந்ததுதான். கழுத்தில் போடும்போதும் கன்னையனுக்கு முழுதாக விளங்கவில்லை. "போதும் மாமா. சும்மாதான்னு சொல்லிருங்க மாமா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். பின்கழுத்தில் முடிச்சை இறுக்கியபோதுதான் அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனது. கட்டியவர்களை அவன் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்த ஆள் எப்படி இருப்பான் என்று அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சத்தம் கேட்டுக் கோட்டைச்சாமி ஸ்டோர் வாசலுக்கு வந்தார். கன்னையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரையும் விசாரிப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

மொக்கம்மாள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பறிக்கிற பெண்களோடு பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். முந்தானை சரிய, செருப்பில்லாமல் ஓடிவந்து மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவரு இல்லன்னு சொல்லுங்கண்ணே. நீங்க மைக்குல சொன்னாக் கேப்பாக. எங் கையிலயும் இருக்கு, பாருங்க. எல்லார் கையிலயும் இருக்கு. வெள்ளிக்கெழம ராத்திரி அவரு உங்ககூடத்தான இருந்தாரு?"

மைக் என் கையில் இருந்தது. அவள் பேசியது குழாய் வழியாகக் களம் முழுக்கக் கேட்டுவிட்டது. ஜனங்கள் சட்டென்று அமைதியானார்கள். சில பெண்கள் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அந்த வெள்ளிக்கிழமை ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு மைக்செட் கட்டியிருந்தோம். விடியும்வரை கன்னையன் என் பக்கத்திலேயே இருந்தான், பெட்டிமேல் தலையை வைத்துத் தூங்கினான். அவன் திருடவில்லை என்பதற்கு அந்தக் களத்தில் இருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். கூட்டம் கேட்டும் இருக்கும். ஆனால் கேட்ட பிறகு அடுத்து யாரைப் பார்த்திருக்கும்? பொய் சொன்னவன் கையில் மைக் இருக்கிறது, கூட்டம் இன்னும் கலையவில்லை. அதை யோசித்துப் பாருங்கள். எனக்கு யோசிக்க இருந்தது ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"பாருங்கப்பா, புருசன் மட்டும்தான்னு நெனச்சேன், பொண்டாட்டியும் கையக் காட்டுது. ஜோடி மாடு போல" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை மடக்கிக்கொண்டு சிரித்தார்கள். மொக்கம்மாளை யாரோ பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

பிறகு அவிழ்த்துவிட்டார்கள். ஆட்டம் தெரிந்தவன் களத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுவான், மாலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். கன்னையன் பயந்துபோயிருந்தான். இளவட்டங்கள் இல்லாத பக்கமாக ஓடினான். மூன்று பக்கமும் ஆட்கள், ஒரு பக்கம் மட்டும் மேகம். அங்கே களம் முடிகிறது என்று அவனுக்குத் தெரியும், அங்கே தினமும் மருந்து அடிக்கிறவன். தெரிந்தேதான் ஓடினானா, பயத்தில் மறந்துவிட்டானா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. விரட்டியவர்கள் விளிம்புக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அவன் நிற்கவில்லை.

நான் மேடையில், உயரத்தில் இருந்தேன். மேகம் ஒரு கணம் விலகியது. அவன் போனதை நான் பார்த்தேன். மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னது தவறு. கால் வழுக்கியதும், கழுத்து மாலை மேலே பறந்ததும், கை ஒரு செடியைப் பிடித்ததும், செடி வேரோடு வந்ததும் தெரிந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பேச்சு நின்றால் மறுபடியும் மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் பேசினேன்.

"பிடிபடலப்பா, பிடிபடல. மாடு ஜெயிச்சிருச்சு. குடம் கன்னையனுக்கே" என்றேன்.

கைதட்டினார்கள். நீளமாகத் தட்டினார்கள். திருப்தியாகக் கலைந்து ஜீப்பு ஏறிப் போனார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. களம் காலியான பிறகுதான் கீழே ஆள் அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அந்தக் குடத்தை மட்டும் நான் வைத்துக்கொள்ளவில்லை. மொக்கம்மாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் வாங்கவில்லை. ஏனென்று தெரியவில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் ஒரு சரம்கூட அறுபடவில்லை. கேட்டுப் பாருங்கள். ஆள் மாறிப்போனதே தவிர, தண்டனை வேலை செய்திருக்கிறது. அதை நீதி இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வெளியே நிற்கிறவர்களைப் பற்றி. மொக்கம்மாள் அழுதுகொண்டே பேசிய வீடியோ ஒன்று சுற்றுகிறதாம். அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அன்று கைதட்டியவர்கள்தான், சில குரல் எனக்கு அடையாளம் தெரிகிறது. என்ன கேட்கிறார்கள் என்று ஏட்டய்யாவைக் கேட்டேன். "ஒரே ஒரு தடவ வாசலுக்குக் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்றாக" என்றார். சொல்லும்போது அவர் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. சுண்டல் வண்டி ஒன்றும் வந்து நிற்கிறதாம். இப்போது கேட்கிறதே, அது கால் மிதிக்கிற சத்தம். உங்களுக்குப் பழகவில்லை, எனக்குத் தெரியும்.

அய்யா, பின்வாசல் வழியாக என்னைக் கொண்டுபோங்கள். முகத்தில் துண்டைப் போட்டுக் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு எது நியாயம் என்று தெரியாது, வேடிக்கைதான் தெரியும். ஒருவன் செய்தானா இல்லையா என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்பதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. வக்கீல் இருக்கிறார், சாட்சி இருக்கிறது, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்கிற ஒருவர் இருக்கிறார். அங்கே என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இதைக் கேட்டால் நீங்கள் கன்னையன் பேச்சை எடுப்பீர்கள். அது வேறு, இது வேறு. அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கவே முடியாது அய்யா, அவன் ஒன்றும் செய்யவில்லையே. நான் செய்திருக்கிறேன். என்னைக் கோர்ட்டுக்கு அனுப்புங்கள்.